பூமியின் இருதயத்தைக் காட்டிய பூகம்பம்

1897-ம் வருஷம் ஜூன் மாதம் 12-ந் தேதி, சனிக்கிழமை. மாலை மணி ஐந்தேகால். அந்நாளில் அஸ்ஸாமின் தலைநகராக விளங்கிய ஷில்லாங்கில் தரைக்கடியிலிருந்து இடி உறுமுவது போன்ற ஓசை எழுந்தது. என்னவென்று மக்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் பூமி குலுங்கத் தொடங்கிவிட்டது. நின்றவர்கள் நிற்க முடியாமல் கீழே விழுந்தனர். சில நிமிஷங்களுக்குள் ஊரிலிருந்த கல் கட்டடங்கள் யாவும் கற்குவியல்களாயின.

அன்று இடிந்தது ஷில்லாங் ஒன்று மட்டுமல்ல. வடகிழக்கு இந்தியாவில், ஏறத்தாழ இங்கிலாந்து தேசத்தின் பரப்புக்குச் சமமான நிலப்பகுதியில், கல்லாலும் செங்கல்லாலும் கட்டியவை சிதைந்து விழுந்தன. கல்கத்தாவிலும் கட்டடங்கள் விரிசல் கண்டன. தரையில் கிடந்த பெருங்கற்கள் பந்துபோல மேலே தூக்கி எறியப்பட்டன. மாண்டவர் தொகை சுமார் 1500. இத்தனை பெரிய நாசத்துக்கு இது குறைந்த தொகையே. பகல் வெளிச்சம் இருந்த நேரமாதலால் பலர் வீட்டுக்கு வெளியே இருந்தனர், அதனால் பிழைத்தனர்.

உலகத்தில் இதைவிட அதிக உயிர்களைக் குடித்த பூகம்பங்கள் எத்தனையோ உண்டு. ஆயினும் விஞ்ஞான சரித்திரத்தில் அஸ்ஸாம் பூகம்பத்துக்கு ஒரு தனி இடம் இருக்கிறது. மனிதன் கண்ணால் பார்க்கவே முடியாத பூமியின் இருதயத்தை அறிவதற்கு வழி திறந்துவிட்டது அதுதான்.

தோண்டிப் பார்த்தால் தெரியாதா?

பூமிக்குள் என்ன இருக்கிறது என்று அறியத் தோண்டிப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். மேற்பரப்பிலிருந்து பூமியின் மையம்வரை உள்ள தூரம் 6371 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்குப் போய்த் திரும்பி வருகிற தூரம் என்று ஏறக்குறையச் சொல்லலாம். இதில் மனிதன் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறான்?

2001-ல் மூடப்பட்ட கோலார் தங்கச் சுரங்கம் ஒரு காலத்தில் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தனர். அதன் ஆழம் சுமார் மூன்று கிலோமீட்டர். அந்த ஆழத்திலேயே பாறையில் கை வைக்க முடியாத சூடு. மேலே உள்ள பாரம் அழுத்துவதால் பக்கச் சுவரிலுள்ள பாறை திடீர் திடீரென்று வெடித்துச் சிதறும். இந்தப் பாறை வெடிப்புக்குப் பலியானவர்கள் பலர்.

ஆள் இறங்காமல் துளை மட்டும் போட்டால் இன்னும் ஆழம் போகலாம். ரஷ்யாவில் கோலா என்ற தீபகற்பத்தில் 1970-ல் இப்படி ஒரு துளையிடத் தொடங்கினார்கள். பத்தொன்பது வருஷம் கழித்து, 1989-ல், அது 12,262 மீட்டர் ஆழத்தை எட்டியது. அதற்குமேல் போக முடியவில்லை. அடியில் வெப்பம் 180 டிகிரியாக இருந்தது. பாறை இளகி, துளை தானாகவே அடைபடலாயிற்று. அத்தனை பாடுபட்டும் இறங்கியது மையத்துக்குள்ள தூரத்தில் ஐந்நூறில் ஒரு பங்குதான். பூமியை ஒரு மாம்பழமாகப் பாவித்தால், ஊசி இன்னும் தோலையே தாண்டவில்லை.

ஊகித்து அறியலாமென்றால் அதுவும் முடியாது. மேற்பரப்பிலிருந்து கீழே போகப் போக, பல இடங்களில் கிலோமீட்டருக்குச் சுமார் 25 டிகிரி வீதம் சூடு ஏறுகிறது. அதே கணக்கை மையம்வரை நீட்டினால் ஒன்றரை லட்சம் டிகிரி வருகிறது. சூரியனின் மேற்பரப்பு வெப்பமே ஆறாயிரம் டிகிரிக்கு உட்பட்டதுதான். ஆகவே அந்தக் கணக்கு ஓரளவு ஆழத்துக்கு மேல் செல்லாது என்பது தெளிவு.

ஒன்று மட்டும் முன்பே தெரிந்திருந்தது. 1798-ல் காவெண்டிஷ் என்ற ஆங்கில விஞ்ஞானி பூமியின் எடைக்கணக்கைப் போட்டுப் பார்த்தார். பூமி முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், அது அதே அளவு தண்ணீரைப்போல ஐந்தரை மடங்கு கனமாக இருக்கிறது. ஆனால் நாம் மிதிக்கும் பாறைகளின் கனமோ தண்ணீரைப்போல மூன்று மடங்குகூட இல்லை. அப்படியானால் உள்ளே மிகக் கனமான ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். அது என்ன? எத்தனை ஆழத்தில் இருக்கிறது? ஒரு நூறு வருஷ காலம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லை.

பானையைத் தட்டிப் பார்ப்பது போல

சந்தையில் மண்பானை வாங்கப்போகும் பெண்மணி என்ன செய்கிறாள்? பானையை ஒரு கையில் தூக்கி, மறு கை விரலால் சுண்டிப் பார்க்கிறாள். கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. சத்தம் மழுங்கினால் எங்கோ விரிசல். பானையை உடைக்காமலே அதன் உள்விவகாரம் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது.

பூமியையும் இப்படித் தட்டிப் பார்க்க முடிந்தால்? அவ்வளவு பெரிய பானையைத் தட்ட மனிதனுடைய விரலுக்குச் சக்தி போதாது. ஆனால் பூகம்பத்துக்கு அந்தச் சக்தி உண்டு. அது தட்டும்போது காது கொடுத்துக் கேட்கத் தெரிந்திருந்தால் போதும்.

கேட்பதற்கான காது தற்செயலாகக் கிடைத்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ரீபர்-பாஷ்விட்ஸ் என்ற இளம் விஞ்ஞானி, சந்திரனுடைய கவர்ச்சியால் பூமியில் ஏற்படும் நுட்பமான சாய்வுகளை அளக்க ஒரு கருவி செய்திருந்தார். 1889 ஏப்ரலில் ஒரு நாள் அந்தக் கருவி காரணமில்லாமல் கோணல் மாணலாகக் கோடு போட்டது. பிறகு ஒரு விஞ்ஞானப் பத்திரிகையைப் படித்தபோதுதான், அதே நாளில் டோக்கியோவில் பூகம்பம் ஏற்பட்ட விஷயம் அவருக்குத் தெரியவந்தது. ஜப்பானில் நடுங்கிய நடுக்கம் பூமியின் வழியே ஜெர்மனிக்கு வந்து கையெழுத்துப் போட்டிருக்கிறது!

இத்தகைய கருவியின் தத்துவம் எளிதானது. நின்றிருக்கும் பஸ் சட்டென்று கிளம்பினால் உள்ளே நிற்பவர்கள் பின்னால் சாய்கிறார்கள். பஸ் நகர்ந்துவிடுகிறது, அவர்கள் உடல் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. அதுபோலவே, தொங்கவிடப்பட்ட ஒரு கனமான குண்டு, தரை ஆடினாலும் தான் இருந்த இடத்திலேயே இருக்க முயலும். அதோடு ஒரு எழுதுகோலை இணைத்து, சுழலும் காகிதத்தில் படவிட்டால், தரையின் அசைவு கோடுகளாகப் பதிந்துவிடும்.

மூன்று தூதர்கள்

அஸ்ஸாம் பூகம்பம் ஏற்பட்டபோது இந்திய பூகர்ப்ப ஆய்வுத் துறையில் உயர்ந்த பதவி வகித்தவர் ரிச்சர்ட் டிக்ஸன் ஓல்ட்ஹாம். இவருடைய தந்தை தாமஸ் ஓல்ட்ஹாம்தான் அந்தத் துறையை முதலில் கட்டி வளர்த்தவர். இந்திய பூகம்பங்களுக்கு ஓர் அட்டவணை தயாரித்தவரும் அவரே. தந்தை விட்ட இடத்தில் மகன் தொடர்ந்தார்.

ஓல்ட்ஹாமும் அவருடைய சகாக்களும் இடிந்த ஊர்களையும் பிளந்த நிலத்தையும் நேரில் பார்த்து அளந்தனர். 1899-ல் அவர் வெளியிட்ட அறிக்கை, பூகம்பத்தைப் பற்றி எழுதப்பட்ட தலைசிறந்த அறிக்கைகளில் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. ஆனால் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு இடிபாடுகளில் கிடைத்ததல்ல. அது இத்தாலி முதலிய தூர தேசங்களில் இருந்த கருவிகள் போட்ட கோடுகளில் ஒளிந்துகொண்டிருந்தது.

அந்தக் கோடுகளை அவர் கூர்ந்து நோக்கினார். நடுக்கம் ஒரே மூச்சில் வந்து சேரவில்லை. முதலில் ஒரு சிறு துடிப்பு. சில நிமிஷம் கழித்து அதைவிட வலுவான இரண்டாவது துடிப்பு. கடைசியில் நெடிய பெரிய ஆட்டம். ஒரே பூகம்பம் மூன்று தூதர்களை அனுப்பியிருக்கிறது. மூவரும் வெவ்வேறு வேகத்தில் வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்று அவர் முடிவு செய்தார்.

முதல் தூதன் தள்ளு அலை. ரயில் நிலையத்தில் நிற்கும் சரக்கு வண்டியை எஞ்சின் வந்து இடித்தால், முதல் பெட்டி இரண்டாவதை இடிக்கிறது. இரண்டாவது மூன்றாவதை இடிக்கிறது. கடைசிப் பெட்டிவரை அந்த இடி செல்கிறது. முதல் அலை பாறைக்குள் இப்படித்தான் செல்கிறது. மேற்பரப்புப் பாறையில் இதன் வேகம் விநாடிக்குச் சுமார் ஆறு கிலோமீட்டர்.

இரண்டாம் தூதன் குறுக்கு அலை. கயிற்றின் ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி மறு முனையைப் பக்கவாட்டில் உதறினால், நெளிவு கயிற்றின் வழியே ஓடும். இரண்டாம் அலை அப்படிப்பட்டது. இதன் வேகம் முதல் அலையின் வேகத்தில் பாதிக்குச் சற்று மேல். மூன்றாம் தூதன் பூமிக்குள் இறங்குவதே இல்லை. குளத்து அலைபோல மேற்பரப்பிலேயே தவழ்ந்து வருகிறான். கடைசியில் வந்தாலும் பெரும்பாலும் இவனே பெரிய போக்கிரி.

மின்னல் தெரிந்து எத்தனை விநாடி கழித்து இடி கேட்கிறது என்று எண்ணி, இடி விழுந்த தூரத்தைச் சொல்வது உண்டு அல்லவா? அதுபோல முதல் அலைக்கும் இரண்டாம் அலைக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு பூகம்பம் எவ்வளவு தூரத்தில் நடந்தது என்று கணக்கிடலாம். மூன்று ஊர்களிலிருந்து இந்தத் தூரம் தெரிந்துவிட்டால், பூகம்பம் பிறந்த இடத்தைப் படத்தில் புள்ளி வைத்துக் காட்டிவிடலாம்.

ஆற்று மணலில் இறங்கிய வண்டி

ஓல்ட்ஹாம் இதோடு நிற்கவில்லை. அஸ்ஸாமைத் தவிர மற்றப் பெரிய பூகம்பங்களின் பதிவுகளையும் சேர்த்து வைத்து ஒப்பிட்டார். பூகம்பம் நடந்த இடத்திலிருந்து தூரம் அதிகமாக ஆக, அலைகள் பூமிக்குள் ஆழமாக இறங்கி ஏறி வருகின்றன. ஆழத்தில் பாறை இறுகியிருப்பதால் வேகமும் கூடுகிறது. ஒரு தூரம்வரை இந்தக் கணக்கு ஒழுங்காக இருந்தது.

ஆனால் பூமியின் மறுபக்கத்தை நெருங்கும் இடங்களில் கணக்கு தவறியது. மையத்துக்கு அருகில் புகுந்து வந்த அலைகள் எதிர்பார்த்த நேரத்துக்கு மிகவும் பிந்தி வந்தன. நல்ல சாலையில் ஓடிவந்த வண்டி நடுவழியில் ஆற்று மணலில் இறங்கினால் என்ன ஆகும்? ஊர் வந்து சேரத் தாமதமாகும். அலைகளின் பாதையிலும் அப்படி ஏதோ குறுக்கிட்டிருக்கிறது. பூமியின் நடுவில், சுற்றிலும் உள்ள பாறையினின்று முற்றிலும் வேறுபட்ட ஒரு கரு இருக்கிறது என்று 1906-ல் ஓல்ட்ஹாம் அறிவித்தார்.

கருவின் அளவைப் பூமியின் ஆரத்தில் பத்தில் நாலு பங்கு என்று அவர் மதிப்பிட்டார். சரியான அளவு பாதிக்குச் சற்று அதிகம் என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் கரு ஒன்று உண்டு என்பதைப் பூகம்ப அலைகளைக் கொண்டு முதலில் நிரூபித்தவர் அவரே.

வழி தெரிந்தவுடன் மற்றவர்களும் அதில் நடந்தனர். 1909-ல் குரோஷியாவில் ஏற்பட்ட ஒரு பூகம்பத்தை ஆராய்ந்த மொஹொரோவிசிச், சில பத்துக் கிலோமீட்டர் ஆழத்தில் பாறையின் தன்மை திடீரென்று மாறுவதைக் கண்டார். அதுவே பூமியின் மேலோடு முடியும் எல்லை. 1913-ல் ஜெர்மனியில் குட்டன்பெர்க், கரு சுமார் 2900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது என்று கணக்கிட்டார். இன்றைய நுட்பமான கணக்கும் அதிலிருந்து சிறிதே மாறுபடுகிறது.

அந்தக் கரு எப்படிப்பட்டது? இதற்கு இரண்டாம் தூதன் பதில் சொன்னான். குறுக்கு அலை திடப்பொருளில்தான் செல்லும். கட்டியான பொருளை முறுக்கினால் அது திமிறிப் பழைய நிலைக்குத் திரும்பும். தண்ணீரை முறுக்கினால் திரும்புமா? ஆகவே திரவத்தில் குறுக்கு அலை ஓடாது. பூமியின் கருவுக்குள் புகுந்த குறுக்கு அலை எதுவும் மறுபக்கம் தலைகாட்டவில்லை. எனவே கரு உருகிய திரவ நிலையில் இருக்கிறது என்று 1926-ல் ஆங்கில அறிஞர் ஜெஃப்ரிஸ் எடுத்துக்காட்டினார்.

கதை அதோடு முடிந்ததாக எல்லோரும் நினைத்திருந்தபோது டென்மார்க்கில் ஒரு பெண்மணி தலையை அசைத்து மறுத்தார். அவர் பெயர் இங்கே லேமன். 1929-ல் நியூஸிலாந்தில் ஏற்பட்ட பூகம்பத்தின் அலைகள், வரக்கூடாத இடங்களிலும் மெல்லிய கோடுகளாக வந்திருந்ததை அவர் கவனித்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். அட்டைகளில் பூகம்ப விவரங்களை எழுதி, ஓட்ஸ் தானியம் வரும் காகிதப் பெட்டிகளில் அடுக்கி வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். திரவக் கருவுக்குள்ளே இன்னொரு கெட்டியான கரு இருக்கிறது. அதில் மோதித்தான் அலைகள் திரும்புகின்றன என்று 1936-ல் வெளியிட்டார். அது உண்மையென்று உலகம் ஒப்புக்கொண்டது. லேமன் அம்மையார் 104 வயது வாழ்ந்து 1993-ல் காலமானார்.

உள்ளே இருப்பது என்ன?

இவ்வாறு நில நடுக்கங்கள் எழுதிக் கொடுத்த வரைபடம் இதுதான்:

மேலே ஓடு. கண்டங்களின் கீழ் சராசரி 35 கிலோமீட்டர் கனம். இமயமலை, திபெத் பகுதியில் 70 கிலோமீட்டர். கடலடியிலோ ஏழு கிலோமீட்டர்தான். நாம் வாழும் ஊர்களும், உழும் வயல்களும், மலைகளும், சமுத்திரங்களும் எல்லாம் இந்த மெல்லிய தோலின்மேல்தான்.

அதற்குக் கீழே, 2900 கிலோமீட்டர் ஆழம்வரை கவசம். இது எரிமலைக் குழம்பு நிறைந்த கொப்பரை என்று பலர் எண்ணுவது தவறு. குறுக்கு அலைகள் இதன் வழியே தடையின்றிச் செல்வதால் இது திடமான பாறையே. ஆனால் கடும் வெப்பத்தில் இருப்பதால், லட்சக்கணக்கான வருஷ அளவில், மெல்ல மெல்ல நகரும் குணம் இதற்கு உண்டு.

அதற்கும் கீழே, பெரும்பாலும் இரும்பும் ஓரளவு நிக்கலும் கலந்த உருகிய வெளிக்கரு. 5150 கிலோமீட்டருக்குக் கீழே கெட்டியான இரும்பு உட்கரு. மையத்தில் வெப்பம் ஐயாயிரம் டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் இரும்பு ஏன் உருகவில்லை? அங்குள்ள அழுத்தம் காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப்போல 36 லட்சம் மடங்கு. உருகிப் பரவ இடமில்லாதபடி அது இரும்பை இறுக்கி வைத்திருக்கிறது.

இந்தக் கருவினால் மனிதனுக்கு என்ன பயன் என்று கேட்க வேண்டாம். வெளிக்கருவில் உருகிய இரும்பு சுழன்று ஓடுவதால்தான் பூமி ஒரு காந்தமாக இருக்கிறது. மாலுமியின் திசைகாட்டி வடக்கு நோக்குவது அதனால்தான். சூரியனிலிருந்து வீசும் மின்துகள்களில் பெரும்பகுதியைத் திசை திருப்பிவிட்டு உயிர்களைக் காப்பதும் அந்தக் காந்தச் சக்தியே.

பூமி ஏன் நடுங்குகிறது?

ஆதிசேஷன் தலையை மாற்றிக்கொள்வதால் பூமி அசைகிறது என்று நம் முன்னோர் சொன்னார்கள். மண்ணுக்கடியில் உள்ள ராட்சச மீன் புரள்வதால் என்றார்கள் ஜப்பானியர். பூமிக்குள் அடைபட்ட காற்று வெளிவரத் திமிறுவதால் என்றார் கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில். உண்மைக் காரணம் அமெரிக்காவில் 1906-ல் சான்பிரான்ஸிஸ்கோ நகரத்தை அழித்த பூகம்பத்துக்குப் பிறகு தெளிவாயிற்று.

அந்தப் பூகம்பத்தில் வயல்வேலிகள் நடுவில் வெட்டியதுபோல் அறுந்து, ஒரு பாதி மறு பாதியிலிருந்து பல அடி தூரம் விலகி நின்றன. இதை ஆராய்ந்த ரீட் என்ற பேராசிரியர் ஓர் உண்மையைக் கண்டார். மூங்கில் கம்பை இரு கையாலும் பிடித்து வளைத்துக்கொண்டே போனால் ஓரளவுக்கு வளைந்து கொடுக்கும். பிறகு படாரென்று முறியும். கையிலும் அதிர்ச்சி தெரியும். பூமியின் பாறையும் அப்படியே. பல வருஷங்களாக வளைந்து கொடுத்துவந்த பாறை, பிளவு ஒன்றின் வழியே சட்டென்று வழுக்கி நிமிர்வதுதான் பூகம்பம்.

பாறையை வளைப்பது யார்? பூமியின் ஓடும் அதை ஒட்டிய கவசத்தின் மேற்பகுதியும் சேர்ந்து பல தட்டுகளாகப் பிரிந்து கிடக்கின்றன. அவை ஓயாமல் நகர்கின்றன. இந்தியாவைத் தாங்கிய தட்டு தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து, சுமார் ஐந்து கோடி வருஷங்களுக்கு முன் ஆசியாவுடன் மோதியது. அந்த மோதலில் எழுந்ததே இமயமலை. இன்னும் அந்த மோதல் நிற்கவில்லை. வருஷத்துக்கு நாலைந்து சென்டிமீட்டர் வீதம், விரல் நகம் வளரும் வேகத்தில், இந்தியா வடக்கே நெருக்கிக்கொண்டே இருக்கிறது. 1897-ல் ஷில்லாங் பீடபூமியின் வடக்கு ஓரம் சில விநாடிகளில் குறைந்தது 11 மீட்டர் மேலே எழும்பியது என்று 2001-ல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. பல தலைமுறைகளாகச் சேர்ந்த கடனை ஒரே நிமிஷத்தில் தீர்த்த கணக்கு அது.

கொடைக்கானலிலும் ஒரு காது

அஸ்ஸாம் அனுபவத்துக்குப் பிறகு இந்திய சர்க்கார் விழித்துக்கொண்டது. இரண்டு வருஷத்துக்குள் கல்கத்தாவிலும், பம்பாயிலும், நமது கொடைக்கானல் மலையிலும் பூகம்பப் பதிவுக் கருவிகள் நிறுவப்பட்டன. தெற்கே இது வீண் செலவு என்று யாரும் சொல்வதற்கில்லை. 1900 பிப்ரவரி 8-ந் தேதி கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏற்பட்ட நடுக்கம் தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது.

கருவி கோடு போட்டால் மட்டும் போதாது. அதைப் படித்து உடனே ஊருக்குச் சொல்ல ஆள் வேண்டும். இந்த உண்மையைத் தமிழ்நாடு மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா அருகே கடலடியில் பாறை பிளந்தது. பிளவின் நீளம் சுமார் 1300 கிலோமீட்டர். கோவில் மணியை அடித்தால் வெகுநேரம் ரீங்காரம் கேட்பதுபோல, பூமி முழுவதும் வாரக்கணக்கில் அதிர்ந்துகொண்டிருந்தது.

அந்த நடுக்கத்தின் முதல் அலை நிலத்தின் வழியே நாலைந்து நிமிஷத்தில் சென்னையைத் தொட்டுவிட்டது. சுனாமி என்னும் கடல் அலையோ வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. தூதன் வந்துவிட்டான், செய்தியைப் படித்துக் கரையோரத்துக்குச் சொல்லும் ஏற்பாடு அன்று இந்து மகாசமுத்திரத்தில் இல்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8000 உயிர்கள் மாண்டன. அவற்றில் பெரும்பகுதி நாகப்பட்டினம் ஜில்லாவில். இதன் பின்னரே, 2007-ல், ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் அமைக்கப்பட்டது.

முன்கூட்டிச் சொல்ல முடியுமா?

இன்ன தேதியில் இன்ன ஊரில் பூகம்பம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்றுவரை எவராலும் முடியவில்லை. சீனாவில் 1975 பிப்ரவரியில் ஹைசெங் நகரத்து மக்களை முன்னதாகவே வெளியேற்றினார்கள். சிறு சிறு நடுக்கங்கள் முதலில் வந்து எச்சரித்ததே அதற்கு முக்கிய காரணம். அடுத்த வருஷமே டாங்ஷான் நகரம் எவ்வித எச்சரிக்கையும் இன்றி நள்ளிரவு கழிந்த நேரத்தில் இடிந்தது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆகவே தேதி குறித்துப் பரப்பப்படும் வதந்திகளை நம்புவது அறிவுடைமையாகாது.

ஆனால் பூகம்பம் தொடங்கிய பிறகு சில விநாடி அவகாசம் பெறலாம். இதற்கும் ஓல்ட்ஹாமின் தூதர்களே துணை. நூறு கிலோமீட்டர் தூரத்தில் பிறந்த பூகம்பத்தின் முதல் அலைக்கும், அழிவு செய்யும் இரண்டாம் அலைக்கும் சுமார் 12 விநாடி இடைவெளி உண்டு. பூகம்பம் பிறந்த இடத்துக்கு அருகிலுள்ள கருவி முதல் அலையை உணர்ந்ததும் மின்சாரச் செய்தி மூலம் சொல்லிவிட்டால், ரயிலை நிறுத்தலாம். காஸ் குழாயை மூடலாம். பள்ளிப் பிள்ளைகள் மேஜைக்கடியில் புகலாம். ஜப்பானில் 2007 முதல் நாடு முழுவதற்கும் இந்த ஏற்பாடு இருக்கிறது. இமயமலையை ஒட்டிய உத்தராகண்ட் மாநிலத்தில் 2021-ல் கைத்தொலைபேசி வழியாக எச்சரிக்கும் முறை தொடங்கப்பட்டது.

கொல்வது எது?

பூகம்பம் மனிதனைக் கொல்வதில்லை. அவன் கட்டிய கட்டடமே அவனைக் கொல்கிறது என்பது நிபுணர்களின் வாக்கு. வெட்ட வெளியில் நிற்பவனைப் பூமி ஆட்டிவிட்டு விட்டுவிடும். அவன் தலைமேல் இருக்கும் கல்லும் கூரையும் விடுவதில்லை.

1897-க்குப் பிறகு அஸ்ஸாம் மக்கள் இந்தப் பாடத்தை நன்றாகக் கற்றார்கள். மரச்சட்டம் நிறுத்தி, நாணல் தட்டி வைத்து மேலே பூசி, லேசான தகரக் கூரை போட்ட வீடுகளைக் கட்டத் தொடங்கினார்கள். அஸ்ஸாம் வீடு என்றே அதற்குப் பெயர் வந்தது. பூமி ஆடினால் அந்த வீடும் கூடவே ஆடும்; ஆனால் விழாது. இதற்கு நேர்மாறான உதாரணம் மராட்டியத்திலுள்ள கில்லாரி கிராமம். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில், மக்கள் உறங்கிக்கொண்டிருந்தபோது, அங்கே பூமி குலுங்கியது. பூகம்பம் நடுத்தரமானதுதான். ஆனால் சேறு வைத்து அடுக்கிய தடித்த கல் சுவர்களும், மண் போட்ட கனத்த கூரைகளும் குடும்பங்களை அப்படியே மூடின. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

இதைவிடத் தெளிவான சாட்சி ஒன்று உண்டு. 2010 ஜனவரியில் ஹைட்டி நாட்டில் 7 ரிக்டர் அளவுள்ள பூகம்பம் ஏற்பட்டது. அடுத்த மாதம் சிலி நாட்டில் 8.8 அளவில் ஒன்று. இந்த அளவையில் ஒரு படி ஏறினால் வெளிப்படும் சக்தி சுமார் 32 மடங்கு கூடும். அந்தக் கணக்கில் சிலியின் பூகம்பம் ஹைட்டியினுடையதைவிட ஏறத்தாழ 500 மடங்கு சக்தி வாய்ந்தது. ஆனால் சிலியில் மாண்டவர் சுமார் 500 பேர். ஹைட்டியில் லட்சத்துக்கு மேல். சிலி அடிபட்டு அடிபட்டுக் கட்டடச் சட்டங்களைக் கடுமையாக்கியிருந்தது. ஹைட்டியில் சட்டமும் இல்லை. கட்டடத்தில் போதிய கம்பியும் இல்லை.

வீடு கட்டுவோர் நினைவில் வைக்க வேண்டியது அதிகமில்லை. சுவர்கள் நான்கையும் ஒன்றாகக் கட்டிப்போடும் கான்கிரீட் பட்டை அடித்தளத்திலும், கதவு ஜன்னல்களுக்கு மேலும், கூரை மட்டத்திலும் ஓட வேண்டும். தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் கம்பி வளையங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். கீழே வண்டி நிறுத்துவதற்காகச் சுவரே இல்லாமல் வெறும் தூண்மேல் மாடிகளை ஏற்றுவது, முறையான கணக்கில்லாமல் செய்தால், ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதாகும். 2001-ல் குஜராத் பூகம்பத்தில் ஆமதாபாத் நகரில் இடிந்த மாடிக் கட்டடங்கள் பல இவ்விதமானவையே.

நடுக்கம் வந்துவிட்டால் மாடிப்படியை நோக்கி ஓடாமலும் லிஃப்டில் ஏறாமலும், உறுதியான மேஜையின் கீழ்ப் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்வது நலம். வெளியில் இருப்பவர்கள் சுவரையும் மின்கம்பத்தையும் விட்டு விலகி நிற்க வேண்டும். கடற்கரையில் இருப்பவர்கள் வெகுநேரம் தரை ஆடினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்காமல் மேட்டு நிலத்தை நாடிச் செல்ல வேண்டும்.

பூமியின் கருவரைக்கும் உள்ள செய்தியை நில நடுக்கங்கள் மனிதனுக்குச் சொல்லிவிட்டன. அடுத்த நடுக்கம் எந்த நாளில் வரும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது வரும்போது வீடு நிற்குமா, விழுமா என்பது, அஸ்திவாரம் தோண்டுகிற அன்றைக்கே மனிதன் கையில் இருக்கிறது.